ஓட்டேரியில் ஒரு வெளிச்சப் புள்ளி

இயந்திரங்கள் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்க ஆரம்பித்த பிறகுதான், மனிதர்களுக்கு யோசனை எங்கே தோன்றுகிறது என்கிற கவலை அரசாங்கத்துக்கு வந்தது. ஒரு கணினி காலைப் பொழுதுக்குள் ஆயிரக்கணக்கான கண்டுபிடிப்புகளை எழுதித் தள்ளியது. காப்புரிமை அலுவலகம் திணறியது. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். காப்புரிமை வேண்டுமென்றால், அந்த யோசனையை ஒரு மனிதர் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன தருணத்துக்குச் சான்று தர வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோர் காதிலும் காதுப்பொட்டு இருந்தது. மிளகு அளவுக் கருவி. போன், வங்கி, வழிகாட்டி, நாடி பார்க்கும் டாக்டர் எல்லாம் அதற்குள்ளேயே. பேச்சு நடந்த இடத்தையும் நேரத்தையும் அது குறித்து வைத்திருக்கும். அந்தத் தருணத்துக்குச் சட்டம் வைத்த பெயர் 'முதல் சொல்'.

சட்டம் போட்டவர்கள் எதிர்பார்க்காத ஒன்று அதிலிருந்து பிறந்தது. நகரத்தில் யோசனைகள் எந்தெந்த இடத்தில் பிறக்கின்றன என்று காட்டும் வரைபடம்.

அதை முதலில் வரைந்து பார்த்தவர்களில் மதுவந்தியும் ஒருத்தி. நகரமைப்பு படித்தவள். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஊருக்குள் இடம் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில், நுங்கம்பாக்கத்தில், பல வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தாள். வரைபடம் வருவதற்கு முன் அந்த வேலையில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பக்கத்தில் நல்ல கல்லூரி இருக்கிறதா, விமான நிலையம் எவ்வளவு தூரம், விஞ்ஞானிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்றெல்லாம் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். நிறுவனங்கள் எல்லாமே போய்ச் சேர்ந்த இடம் பழைய மகாபலிபுரம் சாலைதான். அதையும் மீறி யாராவது வேறு பக்கம் போனால், அந்த நிறுவனத்தின் டைரக்டர் வீடு அங்கே இருக்கும். இது அனுபவத்தில் அவள் கண்டது, அறிக்கையில் எழுதியதில்லை.

வரைபடத்தைத் திரையில் விரித்தபோது அலுவலகத்தில் எல்லோரும் நெருங்கி வந்து பார்த்தார்கள். கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற அந்தச் சாலை ஏறக்குறைய இருட்டாக இருந்தது. அங்கே யோசனைகளைச் சோதித்தார்கள், திருத்தினார்கள், விற்றார்கள். பிறந்தது வேறெங்கோ. கோயம்பேட்டில் ஒரு பொட்டு, தி.நகரில் ஒரு பொட்டு, புறநகர் ரயில் பாதை நெடுகச் சிதறலாகச் சில. எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று ஒன்று, ஓட்டேரியில், கால்வாய்க்குப் பக்கத்துச் சந்தில். அந்தப் பகுதியில் ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை. கல்லூரிகூட இல்லை.

மேரு என்கிற நிறுவனம் அப்போது புதிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. சவ்வுகள் செய்கிறவர்கள். கடல் நீரை வடிக்க, பேட்டரிக்குள் வைக்க, ரத்தத்தைச் சுத்தம் செய்ய என்று பலவகையான மெல்லிய சல்லடைச் சவ்வுகள். அதன் டைரக்டர் டாக்டர் சுதர்சனம் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். ஓட்டேரிப் புள்ளியில் பிறந்த யோசனைகளில் பாதி சவ்வு சம்பந்தப்பட்டவை என்று தெரிந்ததும் நிமிர்ந்தார். அங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மதுவந்திக்கு அந்த உத்தரவே தேவைப்பட்டிருக்கவில்லை. அவள் எப்படியும் போயிருப்பாள்.

சந்தில் பழைய இரும்புக் கடை, ஒரு மாவு மில், பிரியாணிக் கடை, பூட்டிக்கிடந்த அச்சகம். முனையில் டீக்கடை. டீக்கடையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்து, மறுநாளிலிருந்து அங்கேயே உட்கார்ந்தாள். கிரிக்கெட் பேசினார்கள். தண்ணீர் லாரி வராததைப் பேசினார்கள். டீக்கடைக்காரர் இவளை வீட்டுவரி வசூலிக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய வீட்டைக் காட்டிவிட்டார். யோசனை என்று சொல்லும்படியாக யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாவு மில்லுக்கு எதிரே பழைய கல்யாண மண்டபம் ஒன்று இருந்தது. அதன் மாடிக்குக் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கிப் போகிறவர்கள், மதியம் முழங்கையில் கட்டோடு மெல்ல இறங்கி வருவதை அவள் கவனித்தது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ. படியேறிப் போனாள்.

மேலே டயாலிசிஸ் மையம். ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்துவது. ஒரு காலத்தில் பந்தி பரிமாறிய நீளமான கூடத்தில் படுக்கைகளை எதிரெதிராக இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் திரை இல்லை. அதற்குப் பணம் ஒதுக்கவே முடியவில்லை என்று பொறுப்பாளர் சிஸ்டர் ரெஜினா சொன்னார். டிவியும் பழுதாகிப் பல மாதமாகிவிட்டது. ஒவ்வொரு படுக்கையிலும் ஒருவர் ஒரு கையை நீட்டியபடி படுத்திருந்தார். ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு படுக்கையிலிருந்து எதிர்ப் படுக்கைக்கு, அங்கிருந்து குறுக்கே கோடிப் படுக்கைக்கு. யாரோ சொன்னதற்குக் கூடமே சிரித்தது. ஒரு டெக்னீஷியன் ஊசியோடு நின்றபடி, சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

மதுவந்தி தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்பதை மறைக்காமல் சொன்னாள். சிஸ்டர் ஜன்னலோரப் படுக்கையைக் காட்டி, "தாமோதரனைக் கேளும்மா. அவர்தான் இந்த சயின்ஸ் எல்லாம்" என்றார்.

தாமோதரனுக்கு நாற்பது வயது இருக்கும். அம்பத்தூரில் நீர் வடிகட்டும் கருவிகள் செய்யும் கம்பெனியில் பொறியாளர். சிறுநீரகம் கெட்டுப் பல வருடங்களாக வாரம் மூன்று முறை இங்கே வருகிறவர். ஓட்டேரிப் புள்ளியின் காப்புரிமைகளில் பல அவர் பெயரில் இருந்தன. வரைபடத்தில் இந்தக் கூடம் எப்படித் தெரிகிறது என்று அவள் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு, நாம்தான் சென்னையிலேயே பிரகாசம் என்றார். எதிர்ப் படுக்கைப் பெரியவர், கரண்டு பில் யார் கட்டுவது என்று கேட்டார்.

ஏன் இங்கே என்று அவள் கேட்டாள். தாமோதரன் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஆபீஸ்ல நான் பேசறப்ப, எதிர்ல இருக்கறவன் என்ன நினைப்பான்னு ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கும். இங்க அது கிடையாது மேடம். இங்க யாருக்கும் யார்கிட்டயும் ஆகவேண்டிய வேலைன்னு எதுவும் இல்ல. நாலு மணி நேரம் எழுந்து போகவும் முடியாது. ஒருத்தர் போரடிச்சா அதையும் கேட்டுத்தான் ஆகணும். அப்படிக் கேக்கறப்பதான் எனக்கு எதுவும் தோணியிருக்கு."

உதாரணமாக அவர் சொன்னது எதிர்ப் படுக்கைப் பெரியவரைப் பற்றி. பெயர் ஏகாம்பரம். பெரம்பூர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் முழுக்கத் தன் பழைய வேலையைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு பஸ் தாமதமானால் அதற்குக் கூட்டம் அதிகம் ஏறும், அதனால் இன்னும் தாமதமாகும், பின்னால் வருகிற பஸ் காலியாக வந்து அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். எந்த அதிகாரிக்கும் அது புரிந்ததில்லை, தனக்கும் கடைசி வரை சரிசெய்யத் தெரியவில்லை என்றார். தாமோதரன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சவ்வு ஓட்டையிலயும் இதேதான நடக்குது" என்று சொன்னார். சவ்வுகள் ஏன் அடைத்துக்கொள்கின்றன என்பதற்கான பதில் அது. அடைக்காத சவ்வு அதிலிருந்து வந்தது. அந்த உரிமையை மேரு நிறுவனம்தான் வாங்கியிருந்தது. இப்போது அதை வைத்து, உடம்புக்குள்ளேயே பொருத்தக்கூடிய ஒரு செயற்கைச் சிறுநீரகம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அது வந்துச்சுன்னா இந்தக் கட்டிலுக்கெல்லாம் வேலை இருக்காது" என்றார் தாமோதரன்.

அறிக்கை எழுதும்போது மதுவந்தி தயங்கினாள். மேரு மண்டபத்தை விலைக்கு வாங்கி, நோயாளிகளை வேறெங்காவது அனுப்பிவிடுமோ என்று பயந்தாள். கூடத்தைக் கலைத்தால் புள்ளியும் கலைந்துவிடும் என்று தடித்த எழுத்தில் போட்டாள். சுதர்சனம் அவள் பயந்தபடி செய்யவில்லை. மண்டபத்தை வாங்கினார்; மையத்தை அப்படியே விட்டார். அச்சகமும் இரும்புக் கடையும் இருந்த இடத்தில் ஆராய்ச்சிக்கூடம் எழும்பியது. மையத்துக்குப் புது இயந்திரங்கள், ஏசி, எல்லோருக்கும் இலவச சிகிச்சை. எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள மதுவந்தியை மேருவே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கட்டட வடிவமைப்பாளர் படுக்கைகளுக்கு நடுவே அழகான தடுப்புகள் வரைந்து கொண்டுவந்தார். மதுவந்தி அதைக் கிழிக்காத குறையாகத் திருப்பி அனுப்பினாள். புது டிவியையும் மாட்டவிடவில்லை. அதற்கு மட்டும் நோயாளிகள் அவள்மேல் கோபப்பட்டார்கள்.

ஒரு தவறும் நடந்தது. மேருவின் இளம் விஞ்ஞானிகள் சிலர் உதவிக்கென்று கூடத்துக்குள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. பேக்கரி வைத்திருக்கும் ஷமீம் என்கிற பெண்மணி, நான் வாயைத் திறந்தால் நாலு பேர் எழுதிக்கொள்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சிஸ்டரிடம் முறையிட்டார். மதுவந்தி போராடி அவர்களை வெளியேற்றினாள். சில வாரத்தில் பேச்சு திரும்பியது. காதுப்பொட்டிலிருந்து பேச்சின் உள்ளடக்கத்தை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் எத்தனை பேர் பேசினார்கள், யார் யாரை மறித்தார்கள், எத்தனை கேள்வி, எத்தனை சிரிப்பு என்கிற அளவுகளை எடுக்கலாம். பேச்சு செழித்தால் யோசனை வரும் என்பது நிரூபணமாகியிருந்ததால், வரைபடத்தில் அந்த அளவையும் சேர்த்திருந்தார்கள். அந்த அளவு ஓட்டேரியில் மீண்டும் ஏறியது. மதுவந்தி அடிக்கடி போய்வந்தாள். வேலை முடிந்த பிறகும் போனாள். ஏகாம்பரம் அவளைப் பார்த்ததும் கரண்டு பில் வந்துவிட்டதா என்று கேட்பார்.

செயற்கைச் சிறுநீரகம் மனிதர்களுக்குப் பொருத்தும் நிலைக்கு வந்தது. அறுவை செய்யப் பயிற்சி பெற்ற டாக்டர்கள் குறைவு. அதனால் நகரத்தின் டயாலிசிஸ் நோயாளிகளை, ஒரு மையம் முடிந்து அடுத்த மையம் என்று, அறுவைக்கு எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. எந்த மையம் முதலில் என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். இடம் பார்ப்பது மதுவந்தியின் தொழில் என்பதால் அந்த வரிசையைப் போட்டுத்தரச் சொன்னார்கள். அவள் நோயின் தீவிரம், வயது, மருத்துவமனைக்கு உள்ள தூரம் எல்லாம் பார்த்துப் போட்டாள். ஓட்டேரி முன்வரிசையில் வந்தது.

சுதர்சனம் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இயக்குநர் குழு வேறொரு கணக்கைக் கேட்கிறது என்றார். ஓட்டேரிக் கூடம் காலியானால் வருடத்துக்கு எத்தனை கண்டுபிடிப்பு இல்லாமல் போகும், அதன் மதிப்பு என்ன என்கிற கணக்கு. அதையும் சேர்த்துப் போட்டால் ஓட்டேரி கடைசிக்குப் போகிறது. அப்படியென்றால் இரண்டு வருடம் தள்ளும்.

"யாருக்கும் எதையும் நாம மறுக்கல, மதுவந்தி. அவங்களுக்கு டயாலிசிஸ் நடந்துகிட்டேதான் இருக்கும், இலவசமா. வரிசை மட்டும்தான் மாறுது" என்றார். மேசைமீதிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, மறுபடியும் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

என்ன சொன்னோம் என்று பிறகு மதுவந்திக்கே நினைவில்லை. யோசிக்கிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவள் அவள். ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலிலிருந்து மண்டபத்தின் படி கூப்பிடு தூரம். அன்று அதைக் கடக்க முடியாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் அலுவலகத்துக்குப் போகவில்லை. இந்தக் கூடத்தைக் கண்டுபிடித்தது தான்தான் என்பது அவளை விடாமல் உறுத்தியது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் போய் அதற்கு ஒரு விலையை உண்டாக்கிக் கொடுத்திருந்தாள்.

மூன்றாவது நாள் கூடத்துக்குப் போனாள். தாமோதரனின் கையில் ரத்தக்குழாய் கெட்டுவிட்டதால் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் தொற்று வரும் அபாயம் அதிகம் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். மதுவந்தி கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னாள். மேரு என்ன கணக்குப் போடுகிறது, எதனால் அவர்கள் பெயர் கடைசிக்குப் போகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஷமீம் அழுதார். ஒருவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் இரண்டு வருடம் போய்விடும் என்று இன்னொருவர் சொன்னார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம் என்றால், இலவசமாகச் சிகிச்சை தருகிற கம்பெனிமேல் குற்றம் சொல்வதை யார் கேட்பார்கள் என்று சிஸ்டரே தயங்கினார். தாமோதரன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மதுவந்தியிடம், அந்த அளவு எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். உள்ளடக்கம் இல்லை, பேச்சு மட்டும்.

"அப்ப நாம பேசலைன்னா?" என்றார்.

கூடம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"நாம பேசறதாலதான் நம்மள இங்க வெச்சிருக்காங்க. பேசலைன்னா நாமளும் மத்த சென்டர் மாதிரி. அப்புறம் மேடம் மொதல்ல போட்ட வரிசைதான்."

காதுப்பொட்டைக் கழற்றிவிட்டுப் பேசினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். சிஸ்டர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. டயாலிசிஸ் நடக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று விழும், எச்சரிப்பது காதுப்பொட்டுதான். பேசத்தான் கூடாது, வேறு வழியில்லை என்று ஆயிற்று. ஏகாம்பரம் ரொம்ப நேரம் முணுமுணுத்தார். வீட்டில் மருமகளும் பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள்; வாயைத் திறப்பதே இங்கேதான் என்றார். கடைசியில், "சரி, இன்னிக்கு ஒரு நாள் பேசிக்கலாம் இல்ல? அடுத்த தடவைலேர்ந்து வெச்சிக்கலாம்" என்றார். அன்று சிகிச்சை முடியும் வரை அவர்கள் பேசியதைப் போல அந்தக் கூடம் எப்போதும் பேசியதில்லை. வரைபடத்தில் ஓட்டேரி அன்று எரிந்த வெளிச்சத்தை மதுவந்தி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்.

மறுமுறையிலிருந்து மௌனம்.

கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றுகிறது. ஆனால் வந்த நாளெல்லாம் பேசிப் பழகியவர்கள் எதிரெதிரே படுத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்தபடி, ஒரு சொல்லும் இல்லாமல் கிடப்பது கொடுமையாக இருந்தது. இயந்திரங்களின் சத்தம் அப்போதுதான் கேட்டது. சிஸ்டர் ரெஜினா ஊசி குத்தும்போது தலையை மட்டும் ஆட்டினார். ஷமீம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிலருக்கு வலி அதிகமாகத் தெரிந்தது. சிலர் மையத்துக்கு வரவே விருப்பமில்லாமல் நாள் தள்ளினார்கள்; சிஸ்டர் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார். மதுவந்தி போனால் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடுவாள்.

அளவு மெல்லத்தான் இறங்கியது. பழைய மாதங்களின் சராசரி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வாரங்கள் போயின.

ஒருநாள் ஏகாம்பரம் எதிர்ப் படுக்கையிலிருந்து தாமோதரனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எதையோ நினைத்துக்கொண்டவர்போல முகம் மலர்ந்திருந்தது. வாயைத் திறந்தார். உடனே தானே உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, அப்புறம் சொல்கிறேன் என்பதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினார். அடுத்த முறை அவர் வரவில்லை. வீட்டிலேயே இதயம் நின்றுவிட்டது என்று மகன் வந்து சொன்னான். அவன் சொன்னதைக் கேட்டு யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. தாமோதரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மகன், இங்கே இருக்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் சிஸ்டரைப் பார்த்தான். அவர் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

அடுத்த மாதம் இயக்குநர் குழு கூடியது. ஓட்டேரியின் எண் தரையைத் தொட்டிருந்தது. வரிசை மறுபடியும் போடப்பட்டது. ஓட்டேரி மேலே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஷமீமுக்கும் தாமோதரனுக்கும் இன்னும் பலருக்கும் அறுவை முடிந்தது. இரண்டு பேருக்கு உடம்பு ஏற்கவில்லை. அவர்கள் மட்டும் கீழ்ப்பாக்கத்தில் வேறொரு மையத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் வேலைக்கும் ஊருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கும் போய்விட்டார்கள். சிஸ்டர் ரெஜினா ஓய்வு பெற்றார். ஒன்றாகக் கூடலாம் என்று இரண்டு மூன்று முறை பேசி, ஒருமுறைகூட எல்லோருக்கும் நாள் ஒத்துவரவில்லை. தாமோதரன் ஒருநாள் மதுவந்தியிடம் போனில், உடம்பு நன்றாக இருக்கிறது, ஏகாம்பரம் என்ன சொல்லவந்தார் என்பதுதான் தினமும் நினைவுக்கு வருகிறது என்றார்.

மேருவின் ஆராய்ச்சிக்கூடம் இப்போது காலியான மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதற்குப் புது இடம் பார்க்க வேண்டும் என்று சுதர்சனம் மறுபடியும் மதுவந்தியைக் கூப்பிட்டனுப்பினார். வேலையை விடுகிற கடிதம் அவளிடம் தயாராக இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"விடாமப் பேசிட்டிருந்தவங்க ஒரே நாள்ல ஊமையானாங்க. எனக்குப் புரியாதுன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார்.

அவள் கடிதத்தை நீட்டியபடியே நின்றாள்.

"முதல் வாரத்துலயே தெரியும். யார் போய்ச் சொன்னாங்கன்னு நான் விசாரிக்கல. இரக்கப்பட்டு வரிசையை மாத்தினேன்னு குழுவுக்கு முன்னால நின்னா, என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டிருப்பாங்க. எண் விழுந்திருக்குன்னா கையெழுத்துப் போடுவாங்க. அது விழற வரைக்கும் காத்திருந்தேன்."

"அதுக்குள்ள ஒருத்தர் இறந்துட்டார் சார்" என்றாள் மதுவந்தி.

சுதர்சனம் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கடிதத்தை அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

வேலையை விட்ட பிறகும் வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் அவளை விடவில்லை. அது பொதுமக்களும் பார்க்கக்கூடியதுதான். ஆனால் இப்போது கண் வேறு இடங்களுக்குப் போனது. இதுவரை வெளிச்சத்தை மட்டும் தேடியவள், இருட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். சில இருட்டு நியாயமானது: சுடுகாடு, உப்பளம், ராணுவ மைதானம். சில அப்படி இல்லை. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய குடியிருப்பு. ஆயிரக்கணக்கான வீடுகள். பள்ளிக்கூடம் உண்டு, சந்தை உண்டு. பேச்சின் அளவு ஏறக்குறைய பூஜ்யம். அத்தனை பேர் வாழும் இடத்தில் பேச்சு இல்லாமல் எப்படி இருக்கும்? ஓட்டேரிக்கு முன்பு என்றால் கருவி பழுது என்று ஒதுக்கியிருப்பாள்.

ஒரு காலை நேரத்தில் பஸ் பிடித்துப் போனாள். காற்றில் ஏதோ அமில வாடை. நுழைவிலேயே, தண்ணீர்த் தொட்டியடியில், குடங்களோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது கைகள் அசைந்தன, தலைகள் ஆடின, ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மதுவந்தி நெருங்க நெருங்க அது குறைந்து, அவள் பக்கத்தில் போய் நின்றபோது முற்றிலும் நின்றுவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

அவள் வணக்கம் சொன்னாள். இங்கே ஏன் யாரும் பேசுவதில்லை என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் காதிலும் எதுவும் இல்லை என்பதை மதுவந்தி அப்போதுதான் கவனித்தாள்.

நரைத்த கொண்டையோடு இருந்த ஒருத்தி குடத்தை இறக்கி வைத்தாள். பதில் சொல்லவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மதுவந்தியின் காதைக் காட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டிக்கடையைக் காட்டினாள். அங்கே ஒரு கண்ணாடி ஜாடி. அதன் அடியில் மிளகுபோல் நாலைந்து காதுப்பொட்டுகள் கிடந்தன, வெளியூரிலிருந்து வந்தவர்களுடையவையாக இருக்கும்.

மதுவந்தி ரோட்டைத் தாண்டிப் போய்த் தன்னுடையதைக் கழற்றி ஜாடிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். நரைத்த கொண்டைக்காரி சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"இப்ப கேளுங்க" என்றாள்.